மலையேறிய கொத்தனார்

மும்பையில் வாழும் தமிழர்க்குக் கண்டாலா மலைப்பாதை புதிதன்று. பூனா வழியாகத் தமிழகம் செல்லும் இரயிலில் ஏறியவர் பலர், கர்ஜத் நிலையத்தில் வண்டியின் பின்புறம் துணை எஞ்சின்கள் வந்து இணைவதைக் கண்டிருப்பர். முன்னே நின்று இழுக்கும் எஞ்சின் எத்துணை வலிமை உடையதாயினும், அம்மலை மேல் நீண்டதொரு வண்டியை ஏற்றப் பின்னிருந்து தள்ளும் துணையும் வேண்டும். லோணாவளாவை அடைந்தபின் அத்துணை எஞ்சின்கள் கழன்று கொள்ளும். வண்டி தன் வழியே செல்லும்.

மும்பையிலிருந்து பூனா வரை நடைபெறும் மிதிவண்டிப் பந்தயமும் இம்மலையையே கடந்து செல்கிறது. மலைப்பகுதியில் முந்தி ஏறுபவனை மராத்தியர் 'காட்டாச்சா ராஜா' என்று பாராட்டுவர். மலையின் அரசன் என்பது அதன் பொருள். பந்தயம் முழுவதையும் வெல்லாவிடினும், மலையை வென்றவனுக்குத் தனிப் பெருமை உண்டு என்பது உலகெங்கும் மிதிவண்டி வீரர்களிடையே வழங்கும் மரபு. அம்மரபில் தலைசிறந்து விளங்கியவருள் ஒருவர், இத்தாலி நாட்டுக் கொத்தனார் ஒட்டாவியோ பொட்டேக்கியா. பிழைப்புக்காகப் பிறந்த நாட்டை விட்டு அயல்நாடு சென்று செங்கல் அடுக்கிய அவர், பின்னர் அந்நாட்டிற்கே வீரராகத் திரும்பி வந்து அதன் மாபெரும் பந்தயத்தை இருமுறை வென்றார். ஊர் விட்டு ஊர் வந்து உழைத்து வாழும் நம் குடும்பத்தார் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் வறுமையும்

பொட்டேக்கியா 1894ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், வட இத்தாலியின் வெனெத்தோ பகுதியில், கோலே உம்பர்த்தோவைச் சார்ந்த சான் மார்த்தீனோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒன்பது மக்களைப் பெற்ற ஏழைக் குடும்பத்தில் அவர் எட்டாமவர். உண்ணும் வாய்கள் மிகுதி, வருவாயோ குறைவு. ஆகவே பள்ளிப்படிப்பு ஓராண்டிற்கு மேல் நீளவில்லை. எழுத்தைக் கற்க வேண்டிய வயதில் செருப்புத் தைக்கும் தொழிலில் அமர்ந்தார். பின்னர்க் கட்டட வேலைக்குச் சென்று கொத்தனார் ஆனார்.

முதல் உலகப்போர் மூண்டது. இத்தாலியப் படையில் பெர்சலியேரி என்னும் விரைவுப் படைப்பிரிவு ஒன்று உண்டு. மிதிவண்டியில் சென்று போர் புரியும் வீரரும் அதில் இருந்தனர். மடித்து முதுகில் சுமக்கத்தக்க வண்டிகளை அவர்கள் கையாண்டனர். அப்படையில் சேர்ந்த பொட்டேக்கியா, மலைகள் சூழ்ந்த போர்க்களத்தில் செய்தியும் படைக்கலமும் சுமந்து சென்றார். நச்சுப்புகையால் தாக்குண்டார்; பகைவர் கையில் சிறைப்பட்டார்; சிறையினின்று தப்பியும் வந்தார். போரில் காட்டிய வீரத்திற்காக அவருக்கு வெண்கலப் பதக்கம் அளிக்கப்பட்டது. ஆனால் பதக்கம் பசியை ஆற்றுமா? போர் முடிந்ததும் அவர் மீண்டும் கரணையை எடுத்தார். ஊரில் வேலை கிடைக்கவில்லை. வேலை தேடிப் பிரான்சு நாட்டின் கிளெர்மோன்-பெரான் நகருக்குச் சென்று, அங்குக் கட்டட வேலை செய்து சில காலம் வாழ்ந்தார்.

துணையாய் வந்தவர்கள்

நாடு திரும்பியபோது அவருக்கு வயது இருபத்தைந்தைக் கடந்துவிட்டது. மிதிவண்டி வீரர் பலர் இருபது வயதிற்கு முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுவர். பொட்டேக்கியாவிடமோ பந்தயத்திற்குரிய வண்டி கூட இல்லை. அவர் ஆற்றலை உணர்ந்து வண்டி ஒன்றை அளித்தவர் தெயோதோரோ கார்னியெல்லி என்பவர். அவர் அப்பகுதியில் விளையாட்டுச் சங்கம் ஒன்றை நடத்தி வந்தார். மிதிவண்டித் தொழிலிலும் ஈடுபட்டவர். வண்டி பெற்ற கொத்தனார் உள்ளூர்ப் பந்தயங்களில் வெல்லத் தொடங்கினார்.

1923ஆம் ஆண்டு நடந்த இத்தாலி நாட்டு வலப் பந்தயத்தில், எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாத தனி வீரராக அவர் கலந்துகொண்டார். நிறுவன வீரர்க்கு உணவு, உறைவிடம், உதிரிப்பொருள் யாவும் கிடைக்கும். தனி வீரன் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய நிலையிலும் அவர் ஐந்தாமிடம் பெற்றார். தனி வீரர்களுள் அவரே முதல்வர். இத்தாலியில் தன் வண்டிகளை விற்க விரும்பிய ஓட்டோமோட்டோ என்னும் பிரெஞ்சு நிறுவனம், நல்ல இத்தாலிய வீரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. அது பொட்டேக்கியாவைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அவ்வணியின் தலைவர், அந்நாளில் பிரான்சு நாடே கொண்டாடிய ஆன்ரி பெலிசியே.

அவ்வணியில் பொட்டேக்கியாவின் நாட்டினரான அல்பொன்சோ பிச்சின் என்னும் நண்பரும் இருந்தார். இத்தாலிய விளையாட்டு நாளிதழ் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, முப்பது வயதை நெருங்கிய கொத்தனாருக்கு அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பகலெல்லாம் சாலையில் உழைத்துக் களைத்த மனிதர், இரவில் எழுத்தோடு போராடினார். மலையை வென்றது பெரிதா, எழுத்தை வென்றது பெரிதா என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று.

அந்த 1923ஆம் ஆண்டு நம் நகரத்திற்கும் மிதிவண்டி வரலாற்றில் சிறப்புடைய ஆண்டே. அவ்வாண்டு அக்டோபரில் பார்சி இளைஞர் சிலர் பம்பாயிலிருந்து மிதிவண்டியில் உலகை வலம் வரப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் 1928இல் வெற்றியுடன் மீண்டனர். ஏழையும் எளிதில் ஏறிச் செல்லத்தக்க இவ்விருசக்கர ஊர்தி, உலகெங்கும் இளைஞர் நெஞ்சில் பெருங்கனவுகளை எழுப்பிய காலம் அது.

மலையும் மிதிவண்டியும்

டூர் டி பிரான்ஸ் என்பது பிரான்சு நாட்டை வலம் வரும் மிதிவண்டிப் பந்தயம். 1903ஆம் ஆண்டு விளையாட்டு நாளிதழ் ஒன்றினால் தொடங்கப்பட்டது. மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணியும் வழக்கம் 1919இல் ஏற்பட்டது. அந்நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சிடப்பட்டு வந்ததே அந்நிறத்திற்குக் காரணம் என்பர்.

அப்பந்தயத்தில் மலைக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? சமவெளியில் மிதிவண்டி வீரனுக்குப் பெரும்பகை காற்று. ஒருவன் முன்னே சென்று காற்றைக் கிழித்தால், பின்னே ஒட்டி வருபவனுக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஆகவே அங்கே வலியவன் நிழலில் எளியவனும் ஒதுங்கி வரலாம். மலையிலோ வேகம் குறைவதால் காற்றின் தடையும் குறைந்துவிடுகிறது. அங்கே பகை, தன் உடலின் எடையே. எடைக்கு ஏற்ற வலிமை உடையவன் முன்னேறுவான். அஃது இல்லாதவன் பின்தங்குவான். ஒருவன் நிழலில் மற்றவன் ஒதுங்க மலை இடம் கொடுப்பதில்லை.

அக்காலத்து வண்டிகளோ இன்றைய வண்டிகளைப் போன்றவை அல்ல. ஓடும்போதே பல்சக்கரத்தை மாற்றும் கருவியைப் பயன்படுத்த அப்பந்தயத்தில் 1937ஆம் ஆண்டில்தான் இசைவு தந்தனர். பொட்டேக்கியாவின் காலத்தில் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பல்சக்கரங்கள் இருக்கும். மலையடிவாரத்தில் வீரன் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் மீண்டும் அவ்வாறே செய்து இறங்க வேண்டும். மலைச்சாலைகள் கல்லும் மண்ணும் நிறைந்தவை. சக்கரம் பழுதுற்றால் தானே செப்பனிட வேண்டும். பிறர் உதவி பெறுதல் குற்றம். மாற்று டயர்களைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டே வீரர்கள் சென்றனர்.

1923ஆம் ஆண்டு டூர் பந்தயத்தில் பெயர் தெரியாத புதியவராக நுழைந்த பொட்டேக்கியா, இரண்டாம் நாள் ஓட்டத்தையே வென்று மஞ்சள் சட்டை அணிந்தார். அச்சட்டையை அணிந்த முதல் இத்தாலியர் அவரே. பெலிசியே முதலிடமும், அவரைவிட அரைமணி நேரம் பின்தங்கிய பொட்டேக்கியா இரண்டாமிடமும் பெற்றனர். அடுத்த ஆண்டு வெல்லப்போகிறவர் இக்கொத்தனாரே என்று பெலிசியே அப்போதே முன்னறிந்து கூறினார்.

1924ஆம் ஆண்டின் வெற்றி

அவ்வாறே நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பந்தயத்தின் நீளம் 5,425 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காசுமீரம் சென்று, பாதி வழி திரும்பி வருவதற்கு ஏறத்தாழ ஒப்பான தொலைவு அது. இதனை 15 ஓட்டங்களாகப் பகுத்திருந்தனர். முதல் ஓட்டத்தை வென்ற பொட்டேக்கியா மஞ்சள் சட்டையை அணிந்தார்.

மூன்றாம் ஓட்டத்தில் பெரும் பூசல் விளைந்தது. புறப்படும்போது அணிந்த உடை அனைத்தையும் முடிவு வரை வைத்திருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. விடியற்குளிருக்காக இரண்டு சட்டை அணிந்து வந்த பெலிசியே, வெயில் ஏறியதும் ஒன்றைக் களைந்துவிட்டார். அதனை அதிகாரிகள் ஆராய முற்பட்டதால் சினந்து, தம்பியுடனும் மற்றொரு வீரருடனும் கூத்தான்ஸ் நகரில் பந்தயத்தை விட்டு விலகினார். ஆல்பெர் லோந்திர் என்னும் புகழ்பெற்ற செய்தியாளர் அங்குள்ள விடுதியில் அவர்களைக் கண்டு, அவர்கள் படும் துன்பத்தையும் வலியைத் தாங்க உட்கொள்ளும் மருந்துகளையும் நாடறிய எழுதினார். பொழுதுபோக்கு என்று மக்கள் எண்ணியிருந்த பந்தயம், ஓட்டுபவனுக்கு எத்துணைக் கொடிய கூலிவேலை என்பது அன்று வெளிப்பட்டது.

தலைவர் விலகினார், துணைக்கு நின்றவர் குறைந்தனர். அணியின் சுமை அயல்நாட்டுக் கொத்தனாரின் தோளில் விழுந்தது. அந்நிலையில் பிரனீஸ் மலைத்தொடர் எதிர்ப்பட்டது. பயோன் நகரிலிருந்து லூஷோன் வரை அன்றைய ஓட்டம் 326 கிலோமீட்டர். சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே உள்ள தொலைவை ஒருவாறு ஒத்தது. இடையே நான்கு பெருங்கணவாய்கள் உண்டு: 1,709 மீட்டர் உயரமுள்ள ஓபிஸ்க், 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே, 1,489 மீட்டர் உயரமுள்ள ஆஸ்பின், 1,569 மீட்டர் உயரமுள்ள பேரசூர்த். இந்நான்கிலும் ஏறும் ஏற்றத்தைக் கூட்டிப் பார்த்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு ஒரே நாளில் ஏறத்தாழ இருமுறை ஏறுவதற்கு நிகராகும்.

நான்கு கணவாய்களையும் முதல்வராகவே கடந்தார் பொட்டேக்கியா. 15 மணி நேரத்திற்கு மேல் மிதித்து லூஷோனை அடைந்தபோது, அடுத்து வந்தவர் 18 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். மறு ஓட்டத்தையும் அவரே வென்றார். பிறகு அவரை நெருங்குவார் இல்லை. புறப்பட்ட 157 பேரில் 60 பேரே பாரிஸ் நகரை அடைந்தனர். இறுதி ஓட்டத்தையும் வென்ற பொட்டேக்கியா, லக்சம்பர்க் நாட்டு நிக்கோலா பிரான்ட்ஸ் என்பவரைவிட 35 நிமிடங்களுக்கு மேல் முந்தி வெற்றி பெற்றார். டூர் பந்தயத்தை வென்ற முதல் இத்தாலியர் அவர். தொடக்கம் முதல் முடிவு வரை தலைமையை இழக்காமல் மஞ்சள் சட்டையுடன் வந்தார் என்னும் புகழும் அவரைச் சேர்ந்தது.

அவ்வாண்டுச் செய்தி ஒன்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பந்தயம் இத்தாலிய எல்லைக்கு அருகே சென்ற நாளில், அவர் மஞ்சள் சட்டையைத் தவிர்த்து அணியின் வழக்கமான சட்டையையே அணிந்தாராம். பாசிசக் கட்சியினரின் பகைக்கு அஞ்சி அவ்வாறு செய்தார் என்பர். பிறந்த மண்ணின் அருகே தம் வெற்றிச் சின்னத்தை மறைக்க வேண்டிய நிலை வெற்றியாளர் ஒருவருக்கு நேர்ந்ததாயின், அந்நாட்டின் அன்றைய நிலையை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

நண்பர் தந்த தோள்

1925ஆம் ஆண்டும் வெற்றி அவருக்கே. இம்முறை அவருக்கு உறுதுணையாக நின்றவர், அதே அணியைச் சேர்ந்த பெல்ஜிய வீரர் லூசியன் பாய்சே. சமவெளியில் பாய்சே முன்சென்று காற்றைத் தாங்கினார். பொட்டேக்கியா தம் வலிமையை மலைக்கெனச் சேமித்து வைத்தார். முடிவில் பொட்டேக்கியா முதல்வர். 54 நிமிட இடைவெளியில் பாய்சே இரண்டாமவர். மலையில் எவரும் எவரையும் சுமக்க முடியாது என்பது உண்மை. ஆனால் மலையடிவாரம் வரை நம்மைக் களைப்பின்றிக் கொண்டு சேர்ப்பவர் உண்டு என்பதும் உண்மையே. கர்ஜத்தில் இணையும் எஞ்சின் பின்னிருந்து தள்ளுகிறது. இவ்வன்பரோ முன்னிருந்து காற்றைத் தாங்கினார். வேறுபாடு அவ்வளவே.

1926ஆம் ஆண்டு காலம் மாறியது. அவ்வாண்டு 5,745 கிலோமீட்டர். அப்பந்தய வரலாற்றிலேயே மிக நீண்டது. ஜூலை 6ஆம் நாள், பொட்டேக்கியா வாகை சூடிய அதே பயோன்-லூஷோன் ஓட்டத்தில் இடியும் மழையும் பெருங்குளிரும் தாக்கின. மலைச்சாலைகள் சேறாகிச் சக்கரத்தைப் பற்றி இழுத்தன. இரண்டாண்டுகளுக்கு முன் அரசனாய் ஏறிய அதே மலையில் பொட்டேக்கியா உடல் தளர்ந்து பந்தயத்தை விட்டு விலகினார். அந்நாளில் புயலை எதிர்த்து 17 மணி நேரத்திற்கு மேல் மிதித்து வென்றவர் யார்? முந்தைய ஆண்டு அவருக்குத் துணைநின்ற பாய்சேயே. பந்தயத்தின் தொடக்க நாட்களில் தம் சிறு மகள் இறந்த செய்தி கேட்டுக் கலங்கிய பாய்சே, குடும்பத்தார் விரும்பியதால் தொடர்ந்து ஓட்டி, அவ்வாண்டு டூர் வெற்றியாளர் ஆனார். துணைநின்றவர் உயர்ந்தார்; உயர்ந்திருந்தவர் தாழ்ந்தார். மலையின் நீதி எவர் முகமும் பார்ப்பதில்லை.

வீழ்ச்சி

பந்தயத்திற்குப் பின் வாழ வழி வேண்டும் என்பதைக் கொத்தனார் உணர்ந்திருந்தார். முன்னர் வண்டி அளித்த கார்னியெல்லியுடன் சேர்ந்து, தம் பெயர் தாங்கிய மிதிவண்டிகளைச் செய்யும் தொழிலில் 1926இல் ஈடுபட்டார். ஆனால் அதன் பயனை நுகர அவர் வாழவில்லை. 1927ஆம் ஆண்டு அவர் தம்பி ஜொவான்னி, மிதிவண்டியில் செல்லும்போது மோட்டார் வண்டி மோதி இறந்தார். அத்துயர் ஆறுமுன், ஜூன் 3ஆம் நாள் காலை பயிற்சிக்குப் புறப்பட்ட பொட்டேக்கியா, பிரியூலி பகுதியில் பேயோனிஸ் என்னும் சிற்றூருக்கு அருகே சாலையோரத்தில் மண்டை உடைந்து உணர்வற்றுக் கிடந்தார். அவர் வண்டியோ பழுதின்றி இருந்தது. கண்டவர்கள் தூக்கிச் சென்று ஜெமோனா நகர மருத்துவமனையில் சேர்த்தனர். ஜூன் நடுவில், 32ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது.

வெயிலில் மயங்கி வீழ்ந்தார் என்பர் சிலர். திராட்சை பறித்ததற்காக உழவர் ஒருவர் கல்லெறிந்தார் என்பர் சிலர். ஜூன் தொடக்கத்தில் அங்குத் திராட்சை பழுப்பதில்லை என்று மறுப்பாரும் உளர். அரசியல் பகையே காரணம் என்பாரும் உளர். விசாரணை அதனை விபத்து என்றே முடித்தது. நூறாண்டு நெருங்கியும் ஐயம் தீரவில்லை.

அவர் பெயர் மட்டும் ஓய்ந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டு டூர் பந்தயத்தை அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் வெறும் 8 நொடி இடைவெளியில் வென்றார். அப்பந்தய வரலாற்றில் அதனினும் குறைந்த இடைவெளி இன்றுவரை இல்லை. அன்று அவர் ஏறி வந்த வண்டியில் எழுதியிருந்த பெயர் பொட்டேக்கியா. மலைவீரர்க்கெனத் தனிப் புள்ளிக் கணக்கும் பரிசும் டூர் பந்தயத்தில் 1933இல்தான் முறைப்படி ஏற்பட்டன. அக்கணக்கு வருமுன்பே மலையின் அரசர் என்று மக்கள் நெஞ்சில் இடம்பெற்றவர் இக்கொத்தனார்.

அவர் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மலை மீது மிதித்தவை அவர் கால்களே. அப்புகழில் பங்கு கேட்க எவர்க்கும் உரிமை இல்லை. எனினும் வண்டி தந்த ஒரு கை, எழுத்துக் கற்பித்த ஒரு நண்பர், காற்றைத் தாங்கிய ஒரு தோள் இவை இல்லையேல் அவர் மலையடிவாரத்தையே கண்டிருக்க மாட்டார். முன்னே வந்தவர் பின்னே வந்தவர்க்குத் தங்க இடமும் வேலைக்கு வழியும் காட்டியதனாலேயே தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் குடியிருப்புகள் வளர்ந்தன. இன்று நம் குடியிருப்பில் கரணை பிடித்த கையினர் எத்தனையோ பேர் உளர். மாலையில் எழுத்துக் கற்க விரும்பியும் சொல்லித் தருவார் இல்லாதவரும் உளர். ஆண்டு விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின்னும், வாரத்தில் இரண்டு மாலைகளை அவர்களுக்கென ஒதுக்க நம்முள் நால்வர் முன்வருவாராயின், இம்மலரில் அக்கொத்தனாரை நினைந்ததற்குப் பயன் உண்டு.